கேமராவின் மேல் ஒரு துண்டு

"துண்டை எடுங்கன்னு சொன்னேன்."

"எடுக்க மாட்டேன் சார்."

"இது என் வீடு. அது என் கேமரா. படுத்திருக்கறது என் அப்பா."

"இருக்கட்டும் சார். குளிப்பாட்டறது நான்தானே?"

"நாற்பது நிமிஷம்! தினமும் நாற்பது நிமிஷம் கேமரா இருட்டா இருக்கு. உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"குளியல் நடக்குது சார். வேற என்ன நடக்கும், கல்யாணமா?"

எதிர்வீட்டுக் கதவு அரை சாண் திறந்திருந்தது. நான் மாடிப்படியில் குப்பைக்கூடையோடு நின்றிருந்தேன். கூடை காலி. காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஏன் கால் மணி நேரம் படியில் நிற்கிறாள் என்று எங்கள் கட்டடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

கத்திக்கொண்டிருந்தவர் சின்னப் பேராசிரியர். அவருடைய அப்பா பெரிய பேராசிரியர், முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். மகனும் அதே கல்லூரியில், அதே பாடம். கிட்டத்தட்ட அதே சட்டை. எதிர்த்துப் பேசியவள் நர்ஸம்மா. அவள் நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. ஆனால் "ஆயா" என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிடுவாள், "நர்ஸம்மா" என்றால் உடனே திரும்புவாள். ஒரே வாரத்தில் நாங்கள் எல்லோரும் வழிக்கு வந்துவிட்டோம்.

பெரியவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசையும். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று டாக்டருக்கே சரியாகத் தெரியவில்லை. பேச்சோடு இருந்த காலத்தில், கழுத்துப் பொத்தான் வரை போடாமல் பேப்பர் எடுக்கக்கூடக் கதவைத் திறக்காத மனுஷன் அவர். பால்காரர் மணியடித்தால், பொத்தான் போட்டு முடிக்கும் வரை பால்காரர் நிற்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எதைக் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டும். சரியான காரணம் சொன்னால் கிடைக்கும். இல்லையென்றால், அழுதாலும் புரண்டாலும் கிடைக்காது. பெரியவரின் மகள் சின்னவளாக இருந்தபோது இரண்டாவது ஐஸ்கிரீமுக்கு மூன்று காரணம் சொன்னாள். அப்பா அதில் ஒன்றைத் தள்ளி, இரண்டை ஏற்றுக்கொண்டு, "சரி, சாப்பிடு" என்று சொல்வதற்குள் அது பாயசமாகிவிட்டது. அவர் மனைவி ஒரு முறை, "எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றிருக்கிறாள். "காரணம்?" "அம்மா வீடுங்க." "அது இடம். காரணம் இல்லை." அந்த அம்மாள் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது, நான் பேச்சை மாற்றினேன். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

பக்கவாதம் வந்ததும் நர்ஸம்மா வந்தாள். கேமரா அதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அப்பாவைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லை என்றாள். அது காரணம்தான். அலமாரிக்கு மேலே, கட்டிலை முழுக்கப் பார்க்கிற மாதிரி மாட்டினார்கள். மகனுக்கு வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும். அதனால் என் போனிலும் அதைப் போட்டுக்கொடுத்தார். "ஆன்ட்டி, நீங்க வீட்லதானே இருக்கீங்க. அப்பப்ப சும்மா ஒரு பார்வை."

எனக்கு ஒரு பார்வை பார்த்துப் பழக்கமில்லை.

முதல் நாள் காலை பத்தரை மணிக்குக் குளியலையும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஐந்து நிமிடம் பார்த்தேன். கழுத்துப் பொத்தான் போட்ட மனுஷனை அப்படிப் பார்த்த பிறகு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். இறங்கியது.

மறுநாள் பத்தரைக்குப் படம் இருட்டானது. பதினொன்று பத்துக்கு வெளிச்சம் வந்தது. பெரியவர் தலைவாரி, சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானோடு படுத்திருந்தார். அதற்கு மறுநாளும் இருட்டு. ஒரு வாரம் பொறுத்தேன். என் வாய்க்கு அதுவே அதிகம். படியில் சின்னவரைப் பார்த்தபோது, "தம்பி, பத்தரை ஆனா படம் இருட்டாகிடுது, என்னன்னு பாருங்க" என்றேன். மெஷினில் கோளாறு இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன் என்று அப்புறம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். துணி என்று எனக்குத் தெரியும். பூப்போட்ட மஞ்சள் துண்டின் நூல் ஒன்று படத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது.

அந்தச் சண்டைதான் இது.

"நான் மறைக்கச் சொல்லலையே," என்றார் சின்னவர். "எங்களுக்கு வெட்கம் இல்லை. நாங்க பிள்ளைங்க."

"அவருக்கு இருக்கு சார்."

"யாருக்கு? சொந்த மகளையே அடையாளம் தெரியலை அவருக்கு."

"துணியை விலக்கினா கை போகுது சார். இந்த இடது கை இருக்குல்ல, நேரா அங்க போய் மூடுது. நான் ஒரு சின்னத் துணி போட்டுட்டுத்தான் மத்ததை எடுப்பேன். போட்டா கை திரும்பி வந்துடும்."

"அது ரிஃப்ளெக்ஸ். தட்டினா முட்டி ஆடற மாதிரி."

"முட்டிக்கு வெட்கம் கிடையாது சார்."

நான் கூடையைக் கைமாற்றிப் பிடித்தேன். பிறகு சின்னவர் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

"சரி. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வர்றா. உட்கார்ந்து பேசுவோம். துண்டுக்குக் காரணம் சொல்லுங்க. சரியா இருந்தா துண்டு இருக்கட்டும். இல்லைன்னா துண்டும் இருக்காது, நீங்களும் இருக்க வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மதியம் நர்ஸம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் யார் வீட்டுக்கும் வருகிறவள் இல்லை. வந்து உட்காராமல் நின்றாள்.

"அக்கா, அய்யா எழுதின புத்தகம் உங்ககிட்ட இருக்காமே."

இருந்தது. கட்டடத்தில் எல்லோரிடமும் இருந்தது. மனிதனுக்கு மாண்பு எங்கிருந்து வருகிறது என்று நானூறு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். நான் மூன்றாம் பக்கம் வரை போயிருக்கிறேன். அடுத்த முறை எடுக்கும்போது மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன்.

"எதுக்குடி உனக்கு?"

"நான் சொன்னா அவர் கேக்க மாட்டார். அப்பா சொன்னா கேப்பார்ல? உள்ள எங்கேயாவது எனக்குச் சாதகமா ஒரு வரி இருக்கும். படிச்சுக் காட்டுங்க அக்கா. எனக்கு அந்த எழுத்து ஓடாது."

இரண்டு மதியம் உட்கார்ந்தோம். இரண்டாவது நாள் அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் வாசிப்பேன், அவள் ஒரு காதை எதிர்வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்பாள். முதல் அத்தியாயம் முழுக்க, பொருளுக்கு விலை உண்டு, மனிதனுக்கு விலை கிடையாது என்று இருந்தது. "இது நல்லா இருக்கே," என்றாள். இரண்டாவது அத்தியாயத்தில் ஏன் கிடையாது என்று தொடங்கினார். மிருகம் பசித்தால் சாப்பிடும். மனிதன் பசித்தாலும், சாப்பிடலாமா என்று தன்னையே கேட்பான். அப்படிக் கேட்டுத் தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொள்ளும் அறிவு இருக்கிறதே, அதுதான் மாண்பின் வேர். காரணம் சொல்லவும் கேட்கவும் தெரிந்தவனே மனிதன்.

"அப்புறம்?"

"அதேதான். நாலு அத்தியாயம் அதேதான்."

"குளிக்கறது, துணி மாத்தறது, உடம்பு, இதெல்லாம் வரலையா?"

"உடம்புன்னு ஒரு இடத்துல வருது. அறிவைச் சுமக்கற வண்டின்னு போட்டிருக்கார்."

"வண்டியைக்கூட மூடித்தானே அக்கா நிறுத்தறாங்க," என்றாள்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே படிக்கச் சொன்னாள். முன்னூற்று எத்தனையோ பக்கத்தில், கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு கிடைத்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன்: 'பிறவியிலேயே சிந்திக்கும் ஆற்றல் அமையாதவர்கள், நோயால் அதை இழந்தவர்கள் ஆகியோரின் நிலை தனியாக ஆராயப்பட வேண்டியது. அது இந்நூலின் எல்லைக்கு வெளியே உள்ளது.'

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"அப்படின்னா அய்யா இப்ப வெளிய நிக்கிறாரா?"

நான் புத்தகத்தை மூடினேன். அவள் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தாள். "சார் இதைப் படிச்சிருப்பாரா?" என்றாள் வாசலில். அவர் அந்தப் புத்தகத்தைத்தான் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறார் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டார்கள். கேமரா பார்க்கிறவள் என்ற முறையில். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். பெரியவரின் அறையிலேயே மூன்று நாற்காலி போட்டிருந்தது. மகள் ஒன்றில், நான் ஒன்றில். சின்னவர் உட்காரவில்லை, வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றார். நர்ஸம்மாவுக்கு நாற்காலி போடவில்லை. அவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். பெரியவருக்கு நிமோனியா வந்த வாரம் முழுக்க அவள் நின்ற இடம் அது.

"சொல்லுங்க," என்றார் சின்னவர்.

"சார், பார்த்தா கூசுது. அவ்வளவுதான்."

"யாருக்கு?"

"எனக்கு. அவருக்கு. போன்ல பாக்கறவங்களுக்கும் கூசணும்." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்குக் காது சுட்டது.

"கூச்சம் உணர்ச்சி. காரணம் இல்லை. இன்னொரு பக்கம் காரணம் இருக்கு பாருங்க: படுத்திருக்கறவரைப் பாத்துக்கறவங்க அடிக்கறாங்க, கிள்ளறாங்க, தினமும் செய்தியில வருது. நீங்க அப்படின்னு சொல்லலை. ஆனா மறைச்சா எனக்கு எப்படித் தெரியும்?"

அது நல்ல காரணம்தான். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணா," என்றாள் மகள். "துண்டு இருக்கட்டுமே."

"ஏன்?"

"நான் ஆபீஸ்ல டீ குடிக்கும்போது போனைத் திறந்தேன். துண்டு போடறதுக்கு முன்னால, முதல் நாள். பக்கத்துல இருந்த பொண்ணு எட்டிப் பாத்துட்டா. 'யாரு இது'ன்னு கேட்டா. நான்..." அவள் நிறுத்தினாள். "யாரோன்னு சொல்லிட்டேன்."

"அது உன் பிரச்சினை. போனை மறைச்சுப் பாரு."

"எனக்கு ஒரு மாதிரியா இருக்குண்ணா."

"ஒரு மாதிரியா இருக்குங்கறது காரணமா? அப்பா இருந்தா ஒத்துப்பாரா?"

அப்பா இருந்தார். எங்கள் நாலு பேருக்கும் நடுவில்தான் படுத்திருந்தார். நாலு பேரில் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கலாம்.

"சரி, கையைப் பத்திச் சொன்னீங்களே," என்றார் சின்னவர். "பாத்துடலாம். வெட்கமா, ரிஃப்ளெக்ஸான்னு."

என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் போர்வையையும் கீழே இருந்த துணியையும் சேர்த்து விலக்கிவிட்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை போனது. மெதுவாக, நடுங்கிக்கொண்டு, நர்ஸம்மா சொன்ன அதே இடத்துக்குப் போய் மூடிக்கொண்டது. சின்னவர் போர்த்தினார். கை திரும்பி வந்தது.

"சார், போதும்," என்றாள் நர்ஸம்மா.

"ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக் கூடாது."

மறுபடி விலக்கினார். மறுபடி கை போனது. இந்த முறை அதிக நேரம் எடுத்தது. பாதி வழியில் விலா எலும்பின் மேல் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் போனது. போர்த்தினார்.

"டேய்," என்றாள் மகள். அண்ணனை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "டேய், விடுடா."

மூன்றாவது முறை விலக்கினார். கை போகவில்லை. படுக்கையிலேயே உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. நாங்கள் காத்திருந்தோம். கடிகாரச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் குக்கர் கூவியது. கை அசையவில்லை. பெரியவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றார் சின்னவர். சந்தோஷமாகச் சொல்லவில்லை, பாவம், பரிசோதனை முடிந்தவர் மாதிரி சொன்னார். "வெட்கம்னா மூணாவது தடவையும் வரணும். வெட்கம் குறையாது. ரிஃப்ளெக்ஸ்தான் சோர்ந்து போகும்."

நர்ஸம்மா அவரைத் தாண்டி வந்து துணியைப் போட்டாள். போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடினாள். அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள்.

"அவர் விட்டுட்டார் சார்," என்றாள். "நீங்க யாருன்னு தெரிஞ்சு விட்டுட்டார்."

"அதை உங்களால நிரூபிக்க முடியாது."

"முடியாது சார்."

அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை பத்தரைக்கு என் போனில் படம் இருட்டானது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. சின்னவர் அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். குளியல் முடியும் வரை காத்திருந்தார், அதைச் சொல்ல வேண்டும். பதினொன்று பத்துக்கு நர்ஸம்மா துண்டை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். காவலாளி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். மாடி வீட்டம்மா கூடவே வாசல் வரை போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

புதன்கிழமை ஏஜென்சியிலிருந்து வேறொருத்தி வந்தாள். சின்ன வயசு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே வேலை செய்வாள். கேமராவுக்கு நேராக எல்லாம் செய்தாள், ஏழு நிமிடத்தில் முடித்தாள். அடிக்கவில்லை, கிள்ளவில்லை. தரையைத் துடைக்கிற மாதிரி துடைத்தாள். முதல் வாரம் கை போய்க்கொண்டுதான் இருந்தது. அவள் அதை ஈ ஓட்டுவது போலத் தள்ளிவிடுவாள். இரண்டாவது வாரம் ஒரு நீளத் துணியால் அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு கட்டினாள்.

அன்றைக்கே சின்னவரிடம் சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி. கை குறுக்க வந்தா மூக்குல சாப்பாட்டுக்குப் போட்டிருக்கற ட்யூப் கழண்டுடும். டாக்டரும் சரின்னுட்டார்."

காரணம் இருந்தது. நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். போனிலிருந்து அந்தக் கேமராவை அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. பத்தரை மணிக்கு என் விரல் தானாகப் போனது. ஒரு கட்டத்துக்கு மேல் பார்க்கவும் ஒன்றும் இல்லை. கட்டு இருந்ததால் அவர் அசையவில்லையா, அசையாததால் கட்டு தேவையில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டை அவிழ்த்த நாட்களிலும் கை அங்கேயேதான் இருந்தது.

ஐந்து மாதம் இருந்தார். கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்ட படத்தில் கழுத்துப் பொத்தான் போட்டிருந்தார். மனித மாண்பைப் பற்றி இவரைப் போல எழுதியவர் இல்லை என்று முதல்வர் பேசினார், துணைமுதல்வர் பேசினார், சின்னவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார், இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, அது நடிப்பு இல்லை. அவருக்கு அப்பாமேல் உயிர். புத்தகத்தை மகனின் முன்னுரையோடு மறுபடி அச்சடித்தார்கள். எனக்கும் ஒரு பிரதி வந்தது. பொடி எழுத்துக் குறிப்பு அதே பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

மகள் புத்தக வெளியீட்டுக்கு வரவில்லை. வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஒரே ஒரு தடவை வந்தாள். என் வீட்டு வாசலில் நின்று, "ஆன்ட்டி, அப்பா கையைக் கட்டி வெச்சிருந்தாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். நீ ஏன் பார்க்கவில்லை என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அந்தக் கேமராவைத் திறக்கவே இல்லையாம். "தெரியாதேம்மா," என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். இப்போது புருஷனோடும் பிள்ளையோடும் வேறு நாட்டில் இருக்கிறாள். அண்ணனோடு பேச்சு இல்லை என்று கேள்வி.

சின்னவருக்கு முப்பத்தொன்பது வயதில் கல்யாணம் நடந்தது. அதுவரை வந்த பெண்களை எல்லாம் "என்னை ஏன் பிடிச்சிருக்கு?" என்று கேட்டே விரட்டியவர். கடைசியில் கல்லூரி நூலகத்துப் பெண் ஒருத்தி திருப்தியான பதில் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று எவ்வளவோ விசாரித்தும் தெரியவில்லை. வீட்டை விற்றுவிட்டுக் கல்லூரிக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள்.

நர்ஸம்மாவுக்கும் அதே வருடம்தான் கல்யாணம், நாற்பத்து மூன்று வயதில். மாப்பிள்ளை பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர். அந்த மனைவியைக் கடைசி மூன்று மாதம் பார்த்துக்கொண்டது இவள்தானாம். பத்திரிகை காவலாளிக்கு வந்தது. மாடி வீட்டுக்கு வந்தது. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்குக்கூட வந்தது. போய்வந்தவர்கள் சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். கல்யாணம் முடிந்த வாரமே மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று காவலாளிக்குத் தெரியும். கேட்டேன், சொல்ல மாட்டேன் என்கிறார்.